காற்றுக்கும் ஒரு சாட்சி வேண்டும்

(மன்னாரில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

    

காணிக்கு உறுதி உண்டு. கடலுக்கு எல்லைக் கோடு உண்டு. 1974 ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையிலும் 1976 ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவிலும் கொழும்பும் புதுடில்லியும் உடன்படிக்கை செய்து கோடு கிழித்தன. அந்தக் கோட்டின் இப்புறம் நமது மீன், அப்புறம் அவர்களது மீன் என்று அன்று தொட்டு இன்றுவரை வழக்காடி வருகின்றோம். ஆனால் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலின் மேலே வீசுகின்ற காற்றுக்கு உறுதியும் இல்லை, கோடும் இல்லை. ஒரு மனிதன் ஒரு நாளில் உள்வாங்கும் காற்று பதினாயிரம் இலீற்றருக்கு மேற்பட்டது. உண்ணும் சோற்றினும் பருகும் நீரினும் நிறையால் மிகுதியானது. அந்தக் காற்றில் என்ன இருக்கின்றது, அது யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்ற கேள்வியை எழுப்புவதே இன்றைய நமது நோக்கம்.

இது ஆய்வுகூடத்தாருக்கு மட்டும் உரிய கேள்வி என்று சிலர் கருதலாம். கிணற்றில் எண்ணெய் கலந்தால் அது அரசியற் கேள்வியாகின்றது. கடலில் கப்பல் எரிந்தால் அது அரசியற் கேள்வியாகின்றது. மூச்சிற் கலப்பது மட்டும் எங்ஙனம் அரசியலுக்குப் புறம்பாகும்?

பாடசாலைகளை மூடிய காற்று

2022 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைவு கூருங்கள். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் எனப் பெயரிடப்பட்ட புயல் எழுந்தது. அது தமிழகக் கரையை நோக்கி நகர்ந்தபோது இந்திய நிலப்பரப்பின் மேலிருந்த வறண்ட குளிர்காற்றை நம் தீவின்மீது இழுத்துவிட்டது. வடக்கிலிருந்து கொழும்பு வரை வானம் மங்கிற்று. காற்றுத் தரக் குறியீடு தீங்கான அளவுக்கு ஏறிற்று. டிசம்பர் 9 ஆம் நாள் அரச பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காது நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன.

அன்று அதிகாரிகள் கூறிய விளக்கம், இந்தியாவிலிருந்து மாசு வந்தது என்பதாகும். புயல் மாமல்லபுரத்துக்கு அண்மையில் கரையேறியது. காற்றுத் திசை மாறியது. பேச்சும் அடங்கிவிட்டது. அதன்பின் வந்த வாடைக் காலங்களிலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. அவையும் சில நாளிற் பழைய செய்தியாயின.

நீதிமன்றத்திலே ஒருவர் எழுந்து, “மாசு அயல்வீட்டிலிருந்து வந்தது” என்று மட்டும் சொல்லி அமர்ந்தால் நீதிபதி என்ன கேட்பார்? வந்த பொருள் யாது? எவ்வளவு? எந்த அடுப்பில், எந்த ஆலையில், எந்த வயலில் பிறந்தது? உமது வீட்டிலும் அதே பொருள் எரிகின்றதா? இவற்றுக்கு விடை இல்லையெனில் வழக்குத் தள்ளுபடியாகும். இக்கேள்விகளுக்கு விடை சொல்லத்தக்க சாட்சி ஒன்று உண்டு. அது காற்றிலே மிதக்கும் நுண்துகள்தான். அதனைப் பிடித்து, பகுத்து, விசாரித்தால் அது தான் பிறந்த இடத்தைச் சொல்லும்.

துகள் சொல்லும் சாட்சியம்

கடலின் மேலே வீசும் காற்றில் இயல்பாகவே உப்பு உண்டு. அலை உடைய, குமிழி வெடிக்க, நீர்த்திவலை உலர, உப்புத் துகள் மிதக்கின்றது. பேசாலையிலும் வங்காலையிலும் கூரைத் தகடும் மிதிவண்டியும் விரைவிலே துருப்பிடிப்பது இதனாலேயே. இந்தத் துகள் பெரும்பாலும் பருமனானது, விரைவில் விழுந்துவிடும், நுரையீரலின் ஆழத்துக்குச் செல்வது அரிது.

அச்சத்துக்குரியது வேறு. 2.5 மைக்ரோமீற்றரினும் சிறிய துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உடையது. அது மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் நுண்ணறைகளை அடைகின்றது. அதிலும் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. 2013 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெளிக்காற்றின் மாசை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது. வீட்டுப் புகையும் வெளிக்காற்று மாசும் சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 இலட்சம் உயிர்களைக் காலத்துக்கு முன்னே கொண்டுபோகின்றன என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

இந்த நுண்துகளின் உள்ளடக்கத்தைப் பிரித்தால் ஒவ்வொரு கூறும் ஒவ்வொரு மூலத்தைக் காட்டுகின்றது. கந்தகம் கலந்த நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தால் கந்தகவீரொட்சைட்டு வாயு எழும். அது வான்வழியே செல்லச் செல்லச் சல்பேற்றுத் துகளாக மாறும். வாகனப் புகையின் நைதரசன் வாயுக்களிலிருந்து நைத்திரேற்று உண்டாகும். மாட்டெருவிலிருந்தும் வயலுக்கிட்ட யூரியாவிலிருந்தும் எழும் அமோனியா இவற்றோடு சேரும். விறகும் வைக்கோலும் எரிந்த புகையிலே பொற்றாசியம் மிகுந்திருக்கும். கனத்த கப்பல் எண்ணெயின் புகையிலே வனேடியமும் நிக்கலும் காணப்படும். அனல்மின் நிலையத்தின் பறக்குஞ் சாம்பல் கண்ணாடி உருண்டைகளைப் போலத் தோன்றும். பாலைநில மண்ணோ அலுமினியம், கல்சியம் முதலியவற்றைச் சுமந்து வரும்.

சல்பேற்று கடல்நீரிலும் உண்டல்லவா, கடலே அதனைத் தந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். நல்ல கேள்வி. உப்பளத்து அன்பர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். உலகின் எக்கடல்நீரை எடுத்தாலும் சோடியம் நாலு பங்கென்றால் சல்பேற்று ஏறத்தாழ ஒரு பங்கே இருக்கும். இந்த விகிதம் மாறுவதில்லை. ஆகவே பிடித்த துகளிலுள்ள சோடியத்தை அளந்து, அதற்குரிய சல்பேற்றைக் கழித்தால், எஞ்சியது கடலுப்பின் சல்பேற்று அன்று. எஞ்சியதிலும் கடற்பாசி நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தக வாயுவின் பங்கைத் தனியே காட்டும் சேர்மம் உண்டு, அதனையும் கழிக்கலாம். மிச்சம் நிற்பது, பெரும்பாலும் மனிதன் மூட்டிய நெருப்பின் கணக்கு. குறுக்கு விசாரணைக்குத் தாங்கும் சாட்சியம் இது.

மாலைதீவில் நடந்த விசாரணை

இத்தகைய விசாரணை நமது கடலில் ஏற்கெனவே நடைபெற்றிருக்கின்றது. 1999 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், தமிழ்நாட்டிற் பிறந்த விஞ்ஞானி வீரபத்திரன் இராமநாதனும், நோபெல் பரிசு பெற்ற பவுல் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்து சமுத்திரப் பரிசோதனையில் கப்பல்களும் வானூர்திகளும் செய்மதிகளும் ஈடுபட்டன. மாலைதீவின் காசிதூ என்னும் சிறு தீவில் ஆய்வு நிலையம் அமைந்தது. இந்திய நிலப்பரப்பிலிருந்து 500 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அத்தீவில் ஆலை இல்லை, நெடுஞ்சாலை இல்லை. இருந்தும், வாடைக் காலத்தில் அங்கே பிடிபட்ட நுண்துகளில் மூன்றில் ஒரு பங்களவு சல்பேற்று. நாலில் ஒரு பங்களவு காபன் சேர்ந்த கரிமப் பொருள். ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கரும்புகைக்கரி. கூடவே அமோனியமும் மண்துகளும் பறக்குஞ் சாம்பலும். ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரம் வரை, ஒரு கோடி சதுர கிலோமீற்றர் பரப்பளவில் கபில நிறப் புகார் கடலைப் போர்த்தியிருந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு வரை மனிதச் செயலின் விளைவு என ஆய்வாளர் கண்டனர். அப்போர்வை கடலை அடையும் சூரிய ஒளியைக் குறைக்கின்றது; கரி வெப்பத்தை உறிஞ்சுகின்றது; மழைமேகத்தின் இயல்பும் பருவமழையின் போக்கும் மாறக்கூடும் என்பதும் அவர்களது எச்சரிக்கை. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய விவசாயிக்கு இதன் பொருள் விளங்கும்.

ஆனால் காபன் எங்கிருந்து வந்தது? நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்தா? விறகு, வைக்கோல், எரு ஆகியவற்றிலிருந்தா? இதற்கும் சாட்சி கிடைத்தது. உயிருள்ள மரத்தில் காபன் 14 உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அற்றுப்போயிருக்கும். சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தார் மாலைதீவின் ஹனிமாதூ தீவிலும் மேற்கிந்திய மலையொன்றிலும் பிடித்த துகள்களை இம்முறையிற் சோதித்து 2009 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். காபன் துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, விறகு முதலிய உயிர்ப்பொருள் எரிந்ததால் வந்தது!

இந்த முடிவை நாம் நிதானமாக ஆராய வேண்டும். அடுப்பூதும் ஏழைத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இதனைப் பயன்படுத்துவோர் உண்டு. புகையை முதலில் விழுங்குபவள் அவள்தான். 2022 ஆம் ஆண்டில் நாடு வங்குரோத்தடைந்து எரிவாயு கிடையாது போனபோது, நகர வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் எரிந்தது. அதற்கு முன்னரே பனைமட்டையும் தென்னோலையும் எரித்தவர்கள் அதனையே தொடர்ந்து எரித்தனர். அவளுக்கு மாற்று எரிபொருளை எட்டும் விலையில் கொடுக்காத ஆட்சிகளே பிரதிவாதிகள், தில்லியாயினும் கொழும்பாயினும்.

மன்னாரின் நான்கு காற்றுகள்

மாலைதீவிற் கண்டதை அப்படியே மன்னாருக்குப் பொருத்துவது சட்டத்துக்கும் ஒவ்வாது, விஞ்ஞானத்துக்கும் ஒவ்வாது. மன்னாருக்குத் தனி விசாரணை வேண்டும். இங்கே காற்று ஆண்டு முழுவதும் ஒரு திசையிலிருந்து வீசுவதில்லை. வாடை வீசும்போது வங்கக் கடலையும் இந்தியப் பெருநிலத்தையும் கடந்த காற்று நம்மை அடைகின்றது. கொண்டல் கிழக்கிலிருந்து நம் தீவின் உள்நிலத்தைத் தாண்டி வருகின்றது. கச்சான் மேற்கிலிருந்து மன்னார் வளைகுடாவைக் கடந்து வருகின்றது. அவ்வளைகுடாவின் மறுகரையிலே தூத்துக்குடித் துறைமுகமும் அதனை அண்டிய நிலக்கரி அனல்மின் நிலையங்களும் உள்ளன. சோளகம் தெற்கிலிருந்து இந்து சமுத்திரத்தின் உப்புக்காற்றைக் கொணர்கின்றது. ஆனால் அது வரும் வழியிலே, மன்னாருக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றரில், நுரைச்சோலை இருக்கின்றது. 2011 ஆம் ஆண்டில் முதற் பிரிவு இயங்கத் தொடங்கி, இன்று மும்மூன்று நூறாக 900 மெகாவாற்று ஆற்றலுடைய அந்த நிலக்கரி நிலையம் நமது அரசாங்கத்துக்கே உரியது. அதன் கரித்தூளையும் சாம்பலையும் பற்றிக் கற்பிட்டிக் கரை மக்கள் எழுப்பிய குரல் நாடறிந்தது.

ஆகவே, மாசு முழுவதும் இந்தியாவின் மாசு என்று சொல்வது கொழும்புக்கு வசதி. நமது பங்கு யாதும் இல்லை என்று சொல்வது நமக்கும் வசதி. வயலிலே வைக்கோலுக்குத் தீயிடுவதும், வீதியோரத்திலே குப்பைக்கும் பிளாத்திக்குக்கும் தீயிடுவதும் நமது கையால் நடைபெறுவன. சாட்சியை அழைப்பவன் அது தனக்கெதிராகவும் பேசக்கூடும் என்பதை ஏற்றே அழைக்க வேண்டும்.

எதிர்க்கரையின் பாடத்தையும் மறவாதிருப்போம். தூத்துக்குடியில் தாமிர உருக்காலையை எதிர்த்து மக்கள் திரண்டபோது, 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் பொலிசார் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். சில நாட்களில் ஆலை மூடப்பட்டது. அதனைத் திறக்கக் கோரிய வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் தள்ளுபடி செய்தது. தாமிரத் தாதுவை உருக்கும்போது எழுவது கந்தகவீரொட்சைட்டு. காற்றின் தூய்மைக்காக அங்கே சிந்தப்பட்ட இரத்தம், வளைகுடாவின் இக்கரையில் மூச்சுவிடுவோரின் நன்றிக்கும் உரியது. இக்கேள்வியில் அக்கரை மக்கள் நமக்கு எதிர்வாதிகள் அல்லர், உடன் வாதிகள்.

சட்டம் என்ன சொல்கின்றது?

ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டைத் தாக்கினால் பரிகாரம் உண்டா? உண்டு. கனடாவின் திரெயில் நகரிலிருந்த உருக்காலையின் கந்தகப் புகை எல்லையைக் கடந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பயிரையும் மரத்தையும் கெடுத்தது. இரு நாடுகளும் நடுவர் மன்றம் அமைத்தன. 1938 ஆம் ஆண்டில் நட்டஈடும், 1941 ஆம் ஆண்டில் இறுதித் தீர்ப்பும் வழங்கப்பட்டன. தன் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை, அயல்நாட்டுக்குப் புகையாற் பாரதூரமான கேடு விளைவிக்கும் உரிமையாகாது என்பதே தீர்ப்பின் சாரம். ஆனால் அதே தீர்ப்பு ஒரு நிபந்தனையையும் விதித்தது: கேடு தெளிவான, நம்பத்தக்க சான்றினால் நிறுவப்பட வேண்டும்.

ஐரோப்பா கற்ற பாடமும் இதுவே. சுவீடன், நோர்வே நாடுகளின் ஏரிகளில் அமில மழையால் மீன் மாண்டது. கெடுபிடிப் போரின் நடுவிலே, பகைமுகாம்களாய் நின்ற நாடுகள் 1979 இல் ஜெனீவாவில் ஒன்றுகூடி எல்லைகடந்த காற்று மாசு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அடுத்து அவை செய்தது யாது? 1984 இல் அளவை நிலையங்களின் வலையமைப்புக்குப் பொதுப்பணம் ஒதுக்க உடன்பட்டன. 1985 இல் கந்தகத்தை நூற்றுக்கு 30 பங்கு குறைக்க உறுதி பூண்டன. முதலில் அளவை, பின்னர் கடப்பாடு.

நமது பிராந்தியத்திலே 1998 இல் மாலே பிரகடனம் வந்தது. இந்தியாவும் இலங்கையும் உட்பட எட்டு நாடுகள் அதில் இணைந்தன. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அது இன்னும் பிரகடனமே. எவரையும் கட்டுப்படுத்தும் கடப்பாடு அதில் இல்லை.

உள்நாட்டுச் சட்டமும் வெறுமையன்று. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் உண்டு. 2008 ஆம் ஆண்டு வர்த்தமானியில், கனமீற்றர் காற்றில் நுண்துகள் நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 25 என எல்லை வகுக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த அளவோ நாளொன்றுக்கு 15, ஆண்டுக்கு 5. நமது சட்டத்தின் ஆண்டு எல்லை உலக எல்லையின் ஐந்து மடங்கு என்பதைக் கவனியுங்கள்!

நீதிமன்றம் செவிசாய்க்குமா என்று ஐயுறுவோர் சுன்னாகத்தைப் பார்க்கட்டும். மின்னிலையத்தின் கழிவெண்ணெயாற் கிணறுகள் கெட்ட வழக்கில், 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்திய கம்பனி இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காக மனுத்தாக்கல் செய்தவர் தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவ்வழக்கு வென்றது எதனால்? கிணற்று நீரைச் சோதித்த முடிவுகள் மன்றின்முன் இருந்தமையால். நீருக்குச் சாட்சி இருந்தது. காற்றுக்கும் அச்சாட்சி வேண்டும்.

விசைக்கு விலை, மூச்சுக்கு யாது?

இத்தீவின் தென்கரையிலே தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. 103.5 மெகாவாற்று ஆற்றலுடைய அத்திட்டம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. மேலும் காற்றாலை அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். அவ்வழக்கு வேறு, அதனை இன்று இங்கே விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சுட்டுகின்றோம். காற்றாலை நாட்டுவதற்கு முன் காற்றின் வேகத்தையும் திசையையும் கருவி வைத்து அளக்கின்றார்கள். அந்த அளவின் மீதே முதலீட்டைத் தீர்மானிக்கின்றார்கள். விசைக்கு விலை காணத் தெரிந்தவர்களுக்கு மூச்சுக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா?

நமது கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, மன்னார்த் தீவில் நிரந்தரக் காற்று ஆய்வு நிலையம் ஒன்று அமைய வேண்டும். துகளின் எடையைக் காட்டும் சிறுகருவி மட்டும் போதாது. சல்பேற்று, நைத்திரேற்று, கரி, உலோகம் ஆகியவற்றைத் தனித்தனியே பகுக்கும் வசதி வேண்டும். யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அங்கே பணிபுரிய வேண்டும். எதிர்க்கரையில் மண்டபத்திலோ இராமேசுவரத்திலோ இணை நிலையம் ஒன்று அமைய இந்திய அரசுடன் பேச வேண்டும்.

இரண்டாவது, அங்கு பெறும் அளவுகள் நாள்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கோப்புக்குள் உறங்கும் சாட்சியால் எவருக்கும் பயனில்லை.

மூன்றாவது, நுரைச்சோலைப் புகைபோக்கியின் கந்தகக் கணக்கும் துகட்கணக்கும் தொடர்ந்து வெளியிடப்பட வேண்டும். தன் வீட்டுக் கணக்கை மறைப்பவன் அயலானிடம் கணக்குக் கேட்க முடியாது.

நான்காவது, மாலே பிரகடனம் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக உயர வேண்டும். மீன்பிடி எல்லை பேசும் மேசையிலேயே காற்றும் பேசப்பட வேண்டும்.

ஐந்தாவது, நமது கடமை. குப்பைக்குத் தீயிடுவதைப் பிரதேச சபைகள் நிறுத்த வேண்டும். அகற்றும் ஒழுங்கையும் அவையே செய்ய வேண்டும். வைக்கோலை எரிப்பதற்குப் பதில் தீவனமாகவும் பசளையாகவும் ஆக்க விவசாயிக்கு உதவி வேண்டும். விறகடுப்பில் வாடும் குடும்பத்துக்கு எரிவாயு எட்டும் விலையிற் கிடைக்க வேண்டும்.

அன்பர்களே! அடுத்த வாடை வரும். விரிகுடாவில் இன்னொரு புயல் எழும். அன்றும் வானம் மங்கும், பாடசாலை மூடப்படலாம். அன்று, “எங்கிருந்தோ வந்தது” என்ற விடையை நமது பிள்ளைகளுக்குச் சொல்லப் போகின்றோமா? என்ன வந்தது, எவ்வளவு வந்தது, எவரிடமிருந்து வந்தது, அதில் நமது பங்கு எவ்வளவு என்று எழுத்திற் காட்டப் போகின்றோமா? முதல் விடைக்கு நாம் எதுவும் செய்யவேண்டியதில்லை. இரண்டாவது விடைக்கு இன்றே கையெழுத்துத் திரட்டத் தொடங்க வேண்டும். மனு எழுதப்பட்டு மேடையருகே வைக்கப்பட்டிருக்கின்றது. மூச்சு விடுகின்ற ஒவ்வொருவரும் இவ்வழக்கில் மனுதாரரே. வந்து ஒப்பமிடுங்கள்.